மதிப்பெண்ணில் முதலிடம் பிடித்த புறநகர்: அங்கேயே குடியேறிவிடலாமா?

வாசகர் கேள்விக்குக் குடும்பநல ஆலோசகரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்: கணவருக்கு வேறு நகரத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. நான்கு மாதத்தில் கிளம்ப வேண்டும். 13 வயதில் மகள், 5 வயதில் மகன், முழங்கால் வலியோடு 68 வயது மாமியார் என ஐந்து பேர் உள்ள குடும்பம். கடிதம் எழுதிய வாசகி ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறார். இந்த மாற்றலுக்காக வேலையை விடப்போகிறார். போகிற நகரம் யாருக்கும் பழக்கமில்லாதது. இணையத்தில் தேடி, ஒன்பது புறநகர்ப் பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டு, கடைசியில் மூன்றை எடுத்து வைத்திருக்கிறார்.

முதலாவது, கணவரின் அலுவலகத்திலிருந்து 15 நிமிடத்தில் இருக்கும் நெரிசலான பகுதி. இரண்டு படுக்கையறை வீடுதான் கட்டுப்படியாகும். இரண்டாவது, நகரத்தின் விளிம்பில் மதில் சூழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. நீச்சல்குளம், விளையாட்டு இடம், காவலாளிகள், தரவரிசையில் முன்னணியில் நிற்கும் பள்ளி என்று எல்லாம் உண்டு, ஆனால் அலுவலகத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்றாவது, நடுவழியில் ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய பகுதி. வீடுகள் பழசு, பள்ளி தரவரிசையில் நடுவில், கணவர் ஒரே ரயிலில் 35 நிமிடத்தில் போய்விடலாம். நான்கு தெரு தள்ளி நாத்தனார் வீடு. அட்டவணையில் இரண்டாவதுக்கே அதிக மதிப்பெண். அங்கேயே கடன் வாங்கி வீடு வாங்கிவிடலாம், வாடகை வீண் செலவு என்கிறார் கணவர். மாற்றல் செய்தி கேட்டதிலிருந்து மகள் சரியாகப் பேசுவதில்லை. "13 வயதுக்கு மேல் ஊர் மாற்றினால் பிள்ளையின் எதிர்காலமே பாதிக்கும் என்று ஓர் ஆராய்ச்சி சொல்வதாகத் தோழி அனுப்பியிருக்கிறாள். எந்தப் பகுதிக்குப் போவது? வாங்குவதா, வாடகைக்கு இருப்பதா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். பள்ளி, பூங்கா, குற்றம், தண்ணீர் என்று பதினான்கு தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். உழைப்பு தெரிகிறது. ஆனால் ஒரு விஷயம் அதில் இல்லை. உங்கள் வீட்டில் யார் யார் கார் ஓட்டுவார்கள்? கடிதத்தைப் படித்தவரை கணவர் ஒருவர்தான். காலையில் அவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மிச்சமிருக்கும் நாலு பேரும் பகல் முழுக்க அந்தப் பகுதியில்தான் இருக்கப்போகிறீர்கள். அவர் இரவு வந்து தூங்கி எழுந்து போகிற இடத்தை, அவருடைய அலுவலகத்தையும் பள்ளியின் பெயரையும் மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வண்டி ஓட்டாதவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் தங்கள் நாளை நடத்திக்கொள்ள முடிகிற பகுதிதான் உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற பகுதி. இந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் அட்டவணையின் வரிசை அப்படியே மாறிப்போகும்.

ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதிப் பாருங்கள்

வீடு பார்க்க எல்லோரும் சனி, ஞாயிறில்தான் போகிறோம். விடுமுறை நாளில் எந்த இடமும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சாலை காலியாக இருக்கும், குளத்தில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருப்பார்கள், விற்பனைப் பிரதிநிதி சிரித்த முகமாக இருப்பார். நீங்கள் வாழப்போவது செவ்வாய்க்கிழமைகளில். ஒரு தாளை எடுத்து, காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை, ஐந்து பேருக்கும் ஐந்து பத்தி போட்டு ஒரு சாதாரண நாளை எழுதுங்கள். மூன்று பகுதிக்கும் தனித்தனியாக.

இரண்டாவது பகுதிக்கு நானே எழுதிப் பார்த்தேன். கணவர் 7.15-க்குக் கிளம்புகிறார். மகளின் பள்ளி வாகனம் 7.30-க்கு. மகனின் வகுப்பு 8.30-க்கு, அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வாகனம் இல்லை என்றால் வாடகைக் காரில் நீங்கள்தான் கொண்டுபோய் விட வேண்டும். 12.30-க்குத் திரும்ப அழைத்துவர வேண்டும். நடுவில் மாமியாருக்கு முழங்கால் சிகிச்சை. சாயங்காலம் மகளின் ஓவிய வகுப்பு ஆறு கிலோமீட்டர் தள்ளி. மகன் 8.30-க்குத் தூங்கிவிடுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா வீடு வந்து சேர 8 மணி. ஆக, அவன் அப்பாவோடு விழித்திருப்பது அரை மணி நேரம். நீச்சல்குளத்தில் யாராவது இறங்குவதற்கு அந்த நாளில் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

பயண நேரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். வரைபடச் செயலி காட்டும் நேரம் நீங்கள் பார்த்த நேரத்துக்கு உரியது. இரவு பத்து மணிக்குப் பார்த்துவிட்டு "ஒரு மணி நேரம்தான்" என்று முடிவு செய்துவிடாதீர்கள். காலை 7.15-க்குக் கிளம்பினால், மாலை 6.30-க்குத் திரும்பினால் எவ்வளவு என்று புறப்படும் நேரத்தைக் கொடுத்துப் பாருங்கள். மழை நாளிலும் ஒருமுறை பாருங்கள்.

"பெரிய வீடு, நல்ல காற்று. அதற்காக அலைச்சலைப் பொறுத்துக்கொள்கிறேன்" என்று உங்கள் கணவர் சொல்வது பொறுப்பான பேச்சுத்தான். ஆனால் இந்தப் பேரத்தில் மனிதர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். அலோய்ஸ் ஸ்டட்சர், புருனோ ஃப்ரை என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியில் ஒரே குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கேட்டுத் திரட்டிய தரவுகளை ஆராய்ந்து 2008-இல் கட்டுரை வெளியிட்டார்கள். தொலைவிலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு மலிவான வீடோ கூடுதல் சம்பளமோ அந்த அலைச்சலை ஈடுகட்ட வேண்டும் என்பது பொருளாதாரம் சொல்லும் கணக்கு. தரவு அப்படிச் சொல்லவில்லை. பயண நேரம் கூடக் கூட, வாழ்க்கை திருப்தியாக இருக்கிறது என்று சொல்வது குறைந்துகொண்டே போனது. கூடுதல் அறைக்குச் சில மாதத்தில் பழகிவிடுகிறோம். நெரிசலுக்கு அப்படிப் பழகிவிடுவதில்லை.

அந்தத் தாளில் மாமியாரின் பத்தியை நிரப்பும்போது மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். அவருக்காக நீங்கள் பார்த்தது மின்தூக்கி இருக்கிறதா, மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறதா என்ற இரண்டுதான். இரண்டும் தேவை. ஆனால் ஒரு முதியவர் தினமும் வெளியே போவாரா, வீட்டோடு முடங்கிவிடுவாரா என்பது பல சமயம் வாசலுக்கு எதிரே இருக்கிற சாலையைப் பொறுத்தது. சாலையைக் கடக்கும் இடங்களில் பச்சை விளக்கு எரியும் நேரத்தை, ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்ற கணக்கில்தான் பல நாடுகளில் அமைக்கிறார்கள். இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களின் நடையை அளந்தபோது, ஆண்களின் சராசரி 0.9 மீட்டர், பெண்களின் சராசரி 0.8 மீட்டர்தான் இருந்தது. 12 மீட்டர் அகலச் சாலை என்றால் விளக்கு 10 நொடி தரும். அவருக்கு 15 நொடி வேண்டும். முழங்கால் வலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை வண்டிக்காரர்களின் ஒலிப்பானுக்குப் பயந்து பாதியில் நின்றால், மூன்றாம் முறை "எனக்கு ஒன்றும் வேண்டாம், நீயே வாங்கிட்டு வந்துடு" என்று சொல்லிவிடுவார். வீடு பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். அவருடைய வேகத்தில் கடை வரை நடந்து, திரும்பி வாருங்கள். வழியில் உட்கார ஒரு திண்ணையாவது, பெஞ்சாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். முதலாவது பகுதியில் இதற்கு வாய்ப்புக் குறைவு என்று நினைக்கிறேன், நேரில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மதில் எதிலிருந்து காக்கிறது?

காவலாளி, கேமரா, மதில் மூன்றுக்கும் சேர்த்து இரண்டாவது பகுதிக்குப் பாதுகாப்பில் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறீர்கள். புது ஊரில் முன்பின் தெரியாத ஆட்களை நினைத்துப் பயப்படுவது இயல்பு. ஆனால் உலக அளவில் 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்து என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. உங்கள் பிள்ளைகள் இருவரும் அந்த வயதுக்குள் வருகிறார்கள். மதில் திருடனைத் தடுக்கும். வாயிலைத் தாண்டியதும் நடைபாதையே இல்லாத சாலை ஓடினால் அதற்கு மதில் எதுவும் செய்யாது. உள்ளேயும் ஒரு இடத்தைக் கவனியுங்கள். வண்டி நிறுத்துமிடத்தின் வழியாகத்தான் விளையாட்டு இடத்துக்குப் போக வேண்டுமா? பின்னோக்கி வரும் காரின் ஓட்டுநர் கண்ணுக்கு 5 வயதுப் பிள்ளையின் உயரம் தெரியாது.

2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாடு, நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து போகும் இடங்களில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்தச் சொன்னது. நீங்கள் பார்க்கிற தெருவில் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, வண்டிகள் உண்மையில் எந்த வேகத்தில் போகின்றன என்பதைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

தெருவின் போக்குவரத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. இதை வீடு பார்ப்பவர்கள் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. 1960-களின் கடைசியில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பு ஆய்வாளர், சான் பிரான்சிஸ்கோவில் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் ஒரு நாளைக்கு 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்களும் 6-க்கு மேல் அறிமுகமானவர்களும் இருந்தார்கள். வண்டி மிகுந்த தெருவில் நண்பர் ஒன்றுக்கும் குறைவு, அறிமுகமானவர்கள் மூன்று பேர். "உங்கள் வீடு என்று எதுவரை நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு வரையச் சொன்னபோது, அமைதியான தெருக்காரர்கள் தெரு முழுவதையும் சேர்த்து வரைந்தார்கள். நெரிசல் தெருக்காரர்களில் பலருக்கு வீடு என்பது கதவோடு முடிந்துவிட்டது. ஊரில் யாரையும் தெரியாமல் போய் இறங்குகிற உங்களுக்கு, முதல் அறிமுகம் அந்தத் தெருவில்தான் கிடைக்க வேண்டும்.

அப்புறம் அந்த நெடுஞ்சாலை. குடியிருப்பின் விளம்பரத்தில் "நெடுஞ்சாலையை ஒட்டி" என்பதைச் சிறப்பாகப் போட்டிருக்கிறார்கள். பெரிய சாலையிலிருந்து 300 முதல் 500 மீட்டர் வரை வண்டிப் புகையின் தாக்கம் அதிகம் என்பது அமெரிக்காவின் உடல்நல விளைவுகள் நிறுவனம் 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன முடிவு. உங்களுக்குக் காட்டிய கட்டடம் அந்தத் தூரத்துக்குள் வருகிறதா என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள். புறநகர் என்றாலே நல்ல காற்று என்று சொல்லிவிட முடியாது.

பள்ளியின் தரவரிசை எதைக் காட்டுகிறது

பள்ளிக்குத்தான் உங்கள் அட்டவணையில் எடை அதிகம். நல்ல பள்ளி வேண்டும் என்பதில் மறுபேச்சு இல்லை. ஆனால் சராசரி மதிப்பெண்ணை வைத்துப் போடும் தரவரிசை, அந்தப் பள்ளிக்குள் எப்படிப்பட்ட பிள்ளைகள் நுழைகிறார்கள் என்பதைப் பெரும்பகுதி காட்டுகிறது. வடிகட்டிச் சேர்க்கும் பள்ளி முன்னால் நிற்பதில் வியப்பில்லை. உள்ளே வந்த பிள்ளையை அந்தப் பள்ளி எவ்வளவு உயர்த்தியது என்பது வேறு கணக்கு. நடுவில் நிற்கும் பள்ளி இந்தக் கணக்கில் முன்னால் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, பெயர்பெற்ற பள்ளிக்குக் கட்டணம் மட்டும் கட்டுவதில்லை, வீட்டு விலையிலும் கட்டுகிறோம். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி என்று எல்லை பிரிந்திருந்த வீடுகளை சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் ஒப்பிட்டு 1999-இல் எழுதினார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கப் பெற்றோர் தயாராக இருந்தார்கள். அந்தப் பக்கத்து வீடு ஒன்றும் பெரியதல்ல.

ஆகவே தரவரிசையை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு பள்ளிகளுக்கும் போன் செய்து இதையெல்லாம் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் இடம் இருக்கிறதா? (பெரிய வகுப்புகளில் இடம் கிடைப்பது எங்கேயும் கஷ்டம், மகனுக்குக் கிடைத்து மகளுக்குக் கிடைக்காமல் போகலாம்.) மகள் இப்போது படிக்கும் மொழிப்பாடமும் பாடத்திட்டமும் அங்கே தொடருமா? நடுவில் சேரும் மாணவர்களுக்கு முதல் சில வாரங்களில் என்ன செய்வீர்கள்? போன ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போனார்கள்? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிற பள்ளியை நான் நம்புவேன். அந்தப் பகுதியில் குடியிருந்தாலே சேர்க்கை உறுதி என்று வீட்டுத் தரகர் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லை வைத்துச் சேர்க்கும் ஊர்களில் அந்த எல்லையை மாற்றி வரைவதும் உண்டு. அதைப் பள்ளியிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மகளைப் பற்றி

தோழி அனுப்பிய செய்தி எந்த ஆய்விலிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் ஐந்து பெரிய நகரங்களில், மிக வறிய பகுதிகளில் அரசு வீடுகளில் இருந்த குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் உதவி கொடுத்து, வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபோக வாய்ப்புக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு ராஜ் செட்டியும் நாதனியல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் கட்ஸ் இருவரும் கணக்கெடுத்து 2016-இல் வெளியிட்டார்கள். 13 வயதுக்கு முன்பே குடிமாறியவர்கள், இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிடச் சுமார் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அதற்குப் பிறகு மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. சற்றே குறைவாகக்கூட இருந்தது.

இதை உங்கள் மகளுக்குப் பொருத்த வேண்டாம். அந்தக் குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து வெளியேறின. நல்ல சூழலில் கழித்த ஆண்டுகள் கூடக் கூடப் பலன் கூடியது என்பதுதான் அங்கே கிடைத்த பாடம். உங்கள் மகள் ஒரு நல்ல சூழலிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறாள். அவளுடைய எதிர்காலம் போய்விடும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

ஆனால் அவள் கூச்ச சுபாவம் உள்ளவள் என்று நீங்கள் எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சிகேஹிரோ ஓயிஷி, உல்ரிச் ஷிம்மாக் இருவரும் 7,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை ஆராய்ந்து 2010-இல் எழுதியதில், சிறு வயதில் அடிக்கடி வீடு மாறியவர்களில் உள்ளொடுங்கிய சுபாவம் கொண்டவர்களுக்குத்தான் பிற்காலத்தில் மனநிறைவு குறைந்து காணப்பட்டது. கலகலப்பானவர்களிடம் அந்தத் தொடர்பு இல்லை. இதில் கவனிக்க வேண்டியது "அடிக்கடி" என்பதை. ஒரு மாற்றத்தை அவள் தாங்கிக்கொள்வாள். இப்போது ஒரு பள்ளி, வீடு பிடிக்காமல் அடுத்த ஆண்டு வேறு பகுதியில் வேறு பள்ளி என்று ஆகிவிடக் கூடாது. வீட்டை மாற்ற நேர்ந்தாலும் பள்ளியை மாற்றாமல் இருக்கும்படி இப்போதே திட்டம் போடுங்கள்.

அவள் வயதுக்கு இன்னொரு தேவை இருக்கிறது: யாரையும் கேட்காமல் வெளியே போய்வருவது. இங்கிலாந்தில் மேயர் ஹில்மனும் அவருடைய குழுவினரும் எடுத்த கணக்கில், 1971-இல் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அது 9 சதவீதம் ஆகிவிட்டது. 7 வயதுக்கு அது வேண்டுமா என்று விவாதிக்கலாம். 13 வயதுக்கு அது கட்டாயம் வேண்டும். நூலகத்துக்கோ தோழி வீட்டுக்கோ போக ஒவ்வொரு முறையும் அப்பாவின் கார் சாவிக்குக் காத்திருக்கும் பெண், அறைக்குள் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுவாள். பிறகு நாம் கைப்பேசியைக் குறை சொல்வோம். பள்ளி விடுகிற நேரத்தில் மூன்று பகுதியிலும் போய் நில்லுங்கள். சீருடையில், பெரியவர் துணையில்லாமல், இரண்டு மூன்று பேராகப் பேசிக்கொண்டு நடக்கும் பிள்ளைகள் கண்ணில் படுகிறார்களா? நீங்கள் பதினான்கு தலைப்பில் தேடிய பலவற்றுக்கு அந்த அரை மணி நேரத்தில் பதில் கிடைத்துவிடும்.

அவள் பேசாமல் இருப்பதற்கு வருவோம். "உனக்குத்தான் நல்ல பள்ளி பார்க்கிறோம்" என்று சமாதானம் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, எல்லாம் முடிவானபின் சொல்கிறார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றும். ஊர் மாறுவதா வேண்டாமா என்பது அவள் கையில் இல்லை; அதை மறைக்காமல் சொல்லுங்கள். எந்த ஓவிய வகுப்பு, வீட்டில் எந்த அறை, விடுமுறையில் எந்தத் தோழியை அழைப்பது என்பதை முழுக்க அவளிடம் விட்டுவிடுங்கள். அவள் தேர்ந்தெடுத்தபின் திருத்தாதீர்கள். புது ஊருக்குப் போய் இரண்டு மூன்று மாதமாகியும் அவள் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், பள்ளிக்குப் போக மறுத்தால் அங்கேயே ஒரு குழந்தைகள் மனநல நிபுணரைப் பாருங்கள்.

வாங்குவதா, வாடகையா

முதல் ஆண்டு வாடகைதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வாடகை வீண் என்பது பாதிக் கணக்கு. வீடு வாங்கும்போது பதிவு, வரி, தரகு, கடனுக்கான செலவு என்று திரும்பி வராத தொகை ஒன்று போகிறது. பத்து ஆண்டு இருந்தால் அது கரைந்துவிடும். ஒன்றரை ஆண்டில் "இது நமக்குச் சரிப்படவில்லை" என்று விற்க நேர்ந்தால் மொத்தமும் நஷ்டம், விற்கும் செலவு வேறு. கணவருக்கு மாற்றல் வரும் வேலை என்பதையும் மறக்க வேண்டாம். தெரியாத ஊரில் ஒரு மழைக்காலத்தையும் ஒரு கல்வியாண்டையும் கடந்துபார்க்க நீங்கள் கொடுக்கும் கட்டணம் என்று வாடகையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பது விளம்பரத்தில் வராது. தரைத்தளச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாக ஓடும் கறையைப் பார்த்தால், புதுச் சாயம் பூசியிருந்தாலும், பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரியுங்கள்.

தூரத்திலிருந்து வீடு தேடுபவர்களைக் குறிவைத்து ஏமாற்றுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். யாருடைய வீட்டின் படங்களையோ போட்டு, "நாளைக்குள் முன்பணம் அனுப்பாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்" என்பார்கள். நேரில் பார்க்காமல், வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது என்பதற்கான ஆவணத்தைப் பார்க்காமல் ஒரு காசும் அனுப்ப வேண்டாம். வாடகைச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் ஒப்பந்தத்தை அந்த ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுவது நல்லது. நீங்களே பார்க்க வேண்டியவை: குறைந்தது எத்தனை மாதம் இருந்தாக வேண்டும், காலி செய்ய எவ்வளவு நாள் முன்னறிவிப்பு, முன்பணத்தில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள், குழாய், மின்சாரப் பழுது யார் பொறுப்பு, நடுவில் வீட்டை விற்றால் உங்கள் நிலை என்ன. குடிபுகும் அன்று ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள். முன்பணம் திரும்ப வாங்கும் நாளில் அந்தப் படங்கள் உதவும்.

பின்னால் வாங்குவது என்று ஆனால், கடனில் நீங்களும் கையெழுத்துப் போடப்போகிறீர்களா, பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்குமா என்பதை இப்போதே பேசிவிடுங்கள். வேலையை விட்டபிறகு அந்தப் பேச்சை எடுப்பது கடினமாகும்.

நீங்கள் இரண்டு வரியில் கடந்துபோனவை

உங்கள் வேலை, ஒன்று. "நான் வேலையை விடுகிறேன், அது பரவாயில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நிரந்தரமாகவா, ஓர் ஆண்டுக்கா? கணக்குப் பிரிவில் அனுபவம் உள்ளவருக்கு மறுபடி வேலை கிடைக்கும். ஆனால் நகர விளிம்பில், பேருந்தும் ரயிலும் இல்லாத இடத்தில், இரண்டு பிள்ளைகளின் போக்குவரத்தும் உங்கள் தலையில் இருக்கும்போது கிடைக்கிற வேலைக்கும் போக முடியாது. "இனி வேலைக்குப் போக வேண்டாம்" என்று உங்கள் வீட்டில் யாரும் சொல்லப்போவதில்லை. அந்த முகவரியே அதை முடிவு செய்துவிடும். ஆகவே உங்கள் பத்தியில், இரண்டாம் ஆண்டின் செவ்வாய்க்கிழமை ஒன்றையும் வேலைக்குப் போகிற நாளாக எழுதிப் பாருங்கள். இதைக் கணவரிடம் காட்டிப் பேசுங்கள். குறையாகச் சொல்லாமல் கணக்காகக் காட்டினால் அவருக்கும் புரியும்.

நாத்தனார், இன்னொன்று. மூன்றாவது பகுதிக்கு எதிராக அட்டவணையில் ஒரு காரணமும் பெரிதாக இல்லை, ஆனாலும் உங்களுக்கு மனம் வரவில்லை. கடிதத்தின் கடைசியில் "அவர்கள் பக்கத்தில் இருப்பதில் சில சங்கடங்கள்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் அற்பமாக நினைக்கவில்லை. நான்கு தெரு என்பது நினைத்தவுடன் நடந்து வரும் தூரம். ஆனால் இரவு 11 மணிக்கு மாமியாருக்கு மூச்சுத் திணறினால், இரண்டு பிள்ளைகளையும் யாரிடம் விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போவீர்கள்? புது ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு பெயர் வேண்டும். மாமியாருக்கும் மகள் பக்கத்தில் இருப்பது பெரிய ஆறுதல், அதனால் உங்கள் பகலின் சுமையும் குறையும். ரயில் நிலையத்துக்கு மறுபுறம் வீடு பார்த்தால் என்ன? நடந்தால் 20 நிமிடம், வண்டியில் 5 நிமிடம். அவசரத்துக்கு ஓடிவரலாம், வருவதற்கு முன் ஒரு போன் செய்யும் பழக்கமும் தானாக வந்துவிடும். வரும் நாட்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது போன்றவற்றை முதல் மாதத்திலேயே உங்கள் கணவர் தன் அக்காவிடம் பேசிவிடட்டும். அது நீங்கள் பேச வேண்டிய பேச்சல்ல.

என்னைக் கேட்டால் மூன்றாவது பகுதி, நிலையத்துக்கு மறுபுறம், ஓர் ஆண்டு வாடகை. பழைய வீடு என்பதால் மின்கம்பிகள், குழாய்கள், குளியலறையில் வழுக்காத தரை, மாமியாருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி ஆகியவற்றைச் சரிசெய்து தரும்படி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ரயில் சத்தம் எவ்வளவு என்று இரவில் ஒருமுறை அந்த வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேளுங்கள். தண்டவாளத்தை ஒட்டிய முதல் வரிசையைத் தவிர்த்தால் போதும் என்று நினைக்கிறேன். அங்குள்ள பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இடமே இல்லை என்றால் என் பதில் மாறும். அப்போது ரயில் பாதையிலேயே அடுத்த நிலையங்களைப் பாருங்கள்.

நான்கு மாதம்தான் இருக்கிறது. வீட்டைத் தேடுவதற்கு முன் இரண்டு பள்ளிகளின் சேர்க்கைத் தேதியை இந்த வாரமே கேட்டுவிடுங்கள். மகளின் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவு, மாமியாரின் பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் பிரதி எடுத்து, சாமான் வண்டியில் ஏற்றாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு பார்க்கும் பயணத்தை வார நாளில் வையுங்கள். மகளும் மாமியாரும் கூட வரட்டும்.